பிரேக் மிதிக்கிற கால்

செருப்பை முதலில் பார்த்தது பிரேமகுமாரிதான். ஓடையைத் தாண்டி ஏறும் இடத்தில், சேற்றில் பாதி புதைந்து ஒற்றையாகக் கிடந்தது. வலது கால் செருப்பு. திருத்தணி பஜாரில் அவளே பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது, அடையாளம் தப்புமா? குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், அதற்குச் சொந்தக்காரர் ஒரு கூப்பிடு தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இடது காலில் செருப்பு, வலது காலில் ஒன்றுமில்லை. வழிகாட்ட வந்த தேசப்பனிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டு, கூர் கூராகச் சரளை கிடந்த பாதையில் அவள் புருஷன் ஜோசப் ராஜநடை போட்டுக்கொண்டிருந்தார்.

கூப்பிட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். இப்படியே எவ்வளவு தூரம் போகிறார், பார்த்துவிடலாம் என்று தோன்றியது. செருப்பு கழன்றால் யாருக்கானாலும் நாலடியில் தெரிந்துவிடும். ஜோசப் நாலடி போனார், நாற்பதடி போனார், மூங்கில் புதரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமும் போய்விட்டார். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

திருத்தணியில் ஜோசப்பின் வேனைத் தெரியாதவர்கள் குறைவு. முருகனைப் பார்க்க வருகிற கூட்டத்தை அப்படியே திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் ஏற்றிப்போய் இறக்குவதுதான் அவர் பிழைப்பு. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் வீட்டுக்குச் சாப்பிட வரக்கூட நேரமிருக்காது. ஸ்டியரிங்குக்கு முன்னால் வேளாங்கண்ணி மாதா; சவாரி வருகிறவர்கள் மனம் கோணக்கூடாதே என்று மாதாவுக்குப் பக்கத்திலேயே வேலும் மயிலும். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டதாக இதுவரை புகார் இல்லை. வண்டி ஒன்று, டிரைவர் ஒருவர், வேறு வருமானம் கிடையாது. மகள் ப்ளெஸ்ஸி சென்னையில் காலேஜ் படிப்பதும் அந்த வண்டியின் புண்ணியத்தில்தான்.

பொங்கல் லீவின் கடைசி சனிக்கிழமை என்று, இன்றைக்கு மட்டும் வெளிச் சவாரியை விட்டுவிட்டு அன்பியத்துக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்களே, அதுதான் அன்பியம். அதற்குத் தலைவி எதிர்வீட்டு பெபி. நகரி, புத்தூர் தாண்டி, ஆந்திரப் பக்கத்து மலையில் வேனை ஏற்றி, தேசியப் பூங்காவின் கேட்டுக்கு அருகில் நிறுத்திவிட்டு அங்கிருந்து காட்டுக்குள் நடப்பது. முதலில் எர்ரகோனா அருவி, அதற்கு மேலே வெந்நீர் ஊற்று. இது பெபி போட்ட திட்டம். பெபி திட்டம் போட்டால் பங்குச் சாமியாரே மறுபேச்சுப் பேச மாட்டார்.

பிரேமகுமாரி ஓட்டமும் நடையுமாகப் போய்ப் புருஷனைப் பிடித்தாள்.

"இன்னாங்க, இது யார்து?"

ஜோசப் அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் எதுவுமே இல்லை. அப்புறம் பெரிதாகச் சிரித்தார்.

"அட, கழண்டுகிச்சா? பேசிகினே வந்தேன், பாக்கல."

"பாக்கணுமா? கால் சொல்லாதா?"

"சேறு அப்பிகினு இருந்திச்சில்ல, அதான். குடு இங்க."

"ஒக்காருங்க, கால காட்டுங்க."

வழியில் கிடந்த பாறையில் உட்காரவைத்து, சேற்றைத் துடைத்து, பாதத்தைத் திருப்பினாள். குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு முள் முழுசாக உள்ளே போயிருந்தது. நகத்தால் நெம்பிப் பிடுங்கினாள். அது வந்த வேகத்துக்கு ரத்தமும் வந்தது. அவளுக்கே பல் கூசியது. ஜோசப் எட்டிப் பார்த்து, "எப்ப குத்திச்சி இது?" என்று கேட்டார். ஊரான் காலைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

அருவியை அவள் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். செம்பாறைமேல் தண்ணீர் விழுந்து தெறித்தது, பிள்ளைகள் கீச்சிட்டன, பெபியின் புருஷன் சாம் தொப்பையைத் தூக்கிக்கொண்டு அருவிக்கடியில் போய் நின்று கத்தினான். "அக்கா, வாங்க, தண்ணி ஐஸ் மாதிரி கீது!" என்று பெபி கையைப் பிடித்து இழுத்தாள். பிரேமகுமாரி தலைவலி என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய மனசு போன வருஷத்துப் பெரிய வெள்ளிக்குப் போயிருந்தது.

அன்றைக்குச் சிலுவைப்பாதை. கோயிலிலிருந்து ஊருக்கு வெளியே உள்ள குன்று வரைக்கும் வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஏப்ரல் மாத மத்தியானம், தார் இளகிப் பளபளத்தது. நின்று ஜெபம் சொல்கிற ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் சனங்கள் நிழலைத் தேடியும் புல்லைத் தேடியும் ஓடினார்கள். சாம் ஒரு வேப்பமரத்தடியில் ஒதுங்கியவன் கடைசி வரை வரவேயில்லை. சாமியாரே ஓரத்து மண்ணில்தான் நடந்தார். ஜோசப் மட்டும் மரச்சிலுவையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில், முகம் சுளிக்காமல், 'ஸ்' என்று ஒரு சத்தம் வராமல் நடந்தார். பார்த்த பொம்பளைகள் அழுதார்கள். மறுநாள் பாதம் முழுக்கக் கொப்புளம். ஆறுவதற்கு ஜூன் மாதத்து அந்தோணியார் திருவிழா ஆகிவிட்டது. அன்பியத்தில் அவர் எழுந்து சாட்சி சொன்னார்: "ஆண்டவர் என் பாதத்த தாங்கினார், எனக்கு சூடே தெரியல." பெபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விசுவாசம்னா இதான்" என்றாள்.

அவருக்குச் சுகர் வந்து மூன்று வருஷமாகிறது. மாத்திரை போடுகிறார், போடாமலும் இருக்கிறார். ஒரு தடவை காலைச் சோதித்துப் பார்த்துவிடலாம், வாருங்கள் என்று டாக்டர் சொல்லிப் பல மாதம் ஆகிறது. சவாரி, சவாரி என்று அவர் தள்ளிப்போட்டார். பிரேமகுமாரியும் வற்புறுத்தவில்லை. ஆண்டவரே தாங்குகிற காலை டாக்டரிடம் எதற்குக் காட்டுவது? அப்படித்தான் நினைத்தாள். ராத்திரி ராத்திரி அந்தப் பாதத்துக்கு மருந்து போடும்போது அவளுக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

இல்லை, அப்படி இருக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சேறு அப்பியிருந்தது, பேச்சு மும்முரம், தடித்த பாதம். மூன்று காரணம் இருக்கிறதே, போதாதா?

அருவிக்கு மேலே ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறினால் வெந்நீர் ஊற்று. பாறை இடுக்கில் மேல்குழி ஒன்று, ஆவி பறந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வழிந்த தண்ணீர் கீழே ஓடைத் தண்ணீரோடு கலந்து இடுப்பளவு மடுவாகத் தேங்கியிருந்தது. தேசப்பன் மேல்குழிக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"இது உடுகு நீள்ளு நைனா, ஒருத்தரும் கிட்ட போவாதீங்க. தோலு உரிஞ்சி வந்துரும். கீழ கலக்குது பாருங்க, அங்க குளிங்க, பாகுண்ட்டுந்தி, நல்லா இருக்கும்."

பிள்ளைகளை அடக்கிக் கீழே இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெபியின் மகன் ஜெபஸ்டின் பனியனோடு குதித்தான். பிரேமகுமாரி எல்லாருடைய துணியையும் வாங்கிப் பாறைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பெபியின் குரல் கேட்டது.

"ஐயோ, ஜோசப்பண்ணன பாருங்களேன்!"

ஜோசப் மேல்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, இரண்டு காலையும் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார். நடந்த களைப்புக்கு இதமாக இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சுடலியா?" என்று சாம் மேலே ஏறி வந்தான்.

"வெதுவெதுன்னு சொகமா கீதுடா. வெச்சி பாரு."

சாம் ஒரு விரலை வைத்தான். "அம்மாடி!" என்று துள்ளிப் பின்னால் விழப் பார்த்தான். எல்லாரும் சிரித்தார்கள். பெபி கையைத் தட்டினாள். "அன்னிக்கி தார் ரோட்ல தாங்கினவரு இன்னிக்கி வெந்நீர்ல தாங்க மாட்டாரா? அல்லேலூயா!" என்றாள். பிரேமகுமாரிக்கு அந்தக் கணத்தில் பெபியை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது.

துணிகளைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் கால் இருந்த இடத்தில் தன் கையை விட்டாள். விட்ட கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். உலையில் கை வைத்த மாதிரி எரிந்தது. புருஷனுடைய இரண்டு முழங்காலையும் அணைத்துப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். கணுக்காலுக்குக் கீழே தோல் ரத்தமாகச் சிவந்திருந்தது. சிவப்புக்கும் சாதாரணத் தோலுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை.

"இன்னா பிரேமா இது, எல்லார் முன்னாடியும்..." என்று ஜோசப் முணுமுணுத்தார்.

"பேசாதீங்க. கீழ வந்து ஓடைல கால வைங்க."

திரும்பி நடக்கும்போது பெபி அவளோடு ஒட்டிக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். எதுவும் காதில் ஏறவில்லை. ஜோசப் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போனார். அவர் ஒவ்வொரு அடி வைப்பதற்கு முன்னாலும் தரையைப் பார்க்கிறார் என்பதை அவள் இன்றைக்குத்தான் கவனித்தாள். மேடு பள்ளம் பார்த்து நடக்கிறார் என்று யாரும் நினைப்பார்கள். அவர் பார்த்தது மேட்டையுமில்லை, பள்ளத்தையுமில்லை. தன் காலை.

அதுவரைக்கும் அவள் பயந்ததெல்லாம் அந்தக் காலுக்காகத்தான். புண் ஆகுமே, சீழ் பிடிக்குமே, தெரிந்தவர் ஒருவருக்கு விரலை எடுத்தார்களே என்று. ஜெபஸ்டின் அவளைத் தாண்டி ஓடினான். "மாமா, கீழ போறப்போ நான்தான் உங்க பின்னாடி சீட்டு, வளைவுல ஆரன் அடிக்கச் சொல்லுவேன்!" என்று கத்திக்கொண்டே போனான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிரேமகுமாரி நடுவழியில் நின்றுவிட்டாள். இந்தக் காலால்தான் அவர் பிரேக் மிதிக்கிறார். இந்தக் காலை நம்பித்தான் இத்தனை பேரும் மலை இறங்கப் போகிறார்கள்.

"இன்னாக்கா, கால் வலிக்கிதா?" என்றாள் பெபி.

"இல்ல. நீ போ."

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? இன்றோடு வண்டி நிற்கும். அடுத்த மாசம் அடுப்பு எப்படி எரியும், ப்ளெஸ்ஸி என்ன ஆவாள்? சொல்லாமலும் இருக்கலாம். காலையில் இதே கால்தானே மேலே ஏற்றியது? ஏறியது இறங்காதா? மாதா பார்த்துக்கொள்ள மாட்டாளா? இப்படி நினைத்த அடுத்த நிமிஷமே தலையை உதறிக்கொண்டாள். மாதா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுத்தானே இந்தக் கால் இந்தக் கதிக்கு வந்தது?

வேன் நிறுத்தியிருந்த இடத்தில் புங்கமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தார்கள். வேன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டுமென்று கேட்டில் இருந்த காவலர் வேறு அவசரப்படுத்தினார். பிரேமகுமாரி புருஷனைச் சாடையாகக் கூப்பிட்டு வண்டிக்குப் பின்பக்கம் அழைத்துப்போனாள். பின்கதவைத் திறந்து படியில் உட்காரவைத்தாள். செருப்பைக் கழற்றினால், வலது பாதத்தின் மேல் ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம் எரியிது," என்றார் ஜோசப். அவள் முகத்துக்காகச் சொன்னது அது.

"கண்ண மூடுங்க."

"இன்னா வெளையாட்டு இது? அங்க சாப்பாடு..."

"மூடுங்கன்றேன். நான் ஒரு வெரல புடிப்பேன். எந்த வெரல்னு சொல்லுங்க. செரியா சொல்லிட்டீங்கன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களே ஓட்டுங்க."

ஜோசப் கண்ணை மூடினார். பிரேமகுமாரி அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

ஜோசப் நெற்றியைச் சுருக்கினார். "பெருவெரல்."

"இப்போ?"

"அதுக்கு... அடுத்தது."

"இப்போ?"

"சுண்டு வெரல். செரிதான?" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

அவளுடைய இரண்டு கையும் அவளுடைய மடியில் இருந்தன. அங்கிருந்து அவை நகரவேயில்லை. ஜோசப் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு உதட்டில் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு போய்விட்டது. பிரேமகுமாரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புருஷனைத் தோற்கடித்துவிட்டோம் என்பதுபோல ஒரு வேதனை.

"தொடவே இல்லியா?"

"இல்லீங்க."

மரத்தடியில் பிள்ளைகள் அப்பளத்துக்குச் சண்டை போட்டார்கள். ஜோசப் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு தெரியும் பிரேமா. ரொம்ப நாளா இல்ல, ஒரு மாசமா. கால் எங்க கீதுன்னு தெரியறதில்ல. குனிஞ்சி பாத்துட்டுதான் பிரேக்க மிதிக்கிறேன்."

"இன்னிக்குமா?"

"ஆங். காலைல ஏறி வரச்சொல்ல லாரி ஒண்ணு எதுர்ல வந்திச்சே, அப்பவும் குனிஞ்சிதான் பாத்தேன். மிதிச்சிகினு இருக்கேன்னு நெனச்சேன். கால் பிரேக்குக்குப் பக்கத்துல இருந்திச்சி."

அவள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த லாரி அவளுக்கு ஞாபகமிருந்தது. அந்த நேரத்தில் வேனுக்குள் எல்லாரும் கைதட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவளும்தான் பாடினாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய யாரு ஓட்டறது? சாட்சி வேற சொல்லி வெச்சிருக்கேன், எல்லார் முன்னாடியும்." மரத்தடிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இப்ப மயக்கம்னு சொல்லு. அவருக்கு தல சுத்துதாம்னு சொல்லு. தேசப்பன் கிட்ட சொன்னா கீழ ஊர்லர்ந்து யாரனா டிரைவர் வருவான். வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்."

"இன்னாக்கா, அண்ணனுக்கு தனியா ஊட்டிகினு கீறீங்களா?" பெபி கையில் தட்டோடு வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் சாம், அவனுக்குப் பின்னால் ஆரன் அடிக்க ஆசைப்பட்டு ஜெபஸ்டின். "கேட்டு மூடப்போறாங்களாம். கெளம்பலாமா அண்ணே?"

மயக்கம் என்கிற வார்த்தை பிரேமகுமாரியின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சின்ன வார்த்தை, எவ்வளவு சௌகரியமான வார்த்தை! மயக்கம் நாளைக்குத் தெளிந்துவிடும். தெளிந்தால் திங்கட்கிழமை திருப்பதி சவாரி இருக்கிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது. யாரோ முன்பின் தெரியாதவர்கள், மொட்டை போட்ட குழந்தைகளோடு ஏறி உட்காருவார்கள்.

"பெபி, அவருக்கு கால் மரத்துப்போச்சி," என்றாள். "சுகரால. சுத்தமா உணர்ச்சி இல்ல. இனிமே அவரு வண்டி ஓட்ட மாட்டாரு."

"இன்னாக்கா சொல்றீங்க? இப்பதான வெந்நீர்ல..."

"அதான் சொல்றேன். வெந்நீர்லயும் தெரியல, தார் ரோட்லயும் தெரியல. நம்ம கைதட்டிகினு இருந்தோம்."

பெபி ஐயோ பாவம் என்பாள், கட்டிப்பிடித்து அழுவாள் என்று பிரேமகுமாரி எதிர்பார்த்தாள். பெபியின் கண் முதலில் ஜோசப்பின் காலுக்குப் போனது, அங்கிருந்து ரோடு இறங்கத் தொடங்கும் வளைவுக்குப் போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜெபஸ்டினைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். பெபியைக் குற்றம் சொல்ல முடியாது, தாய். ஆனாலும் பிரேமகுமாரிக்கு நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது போலிருந்தது.

ஜோசப் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. எழுந்து, குனிந்து தரையைப் பார்த்துக் கால் வைத்து நடந்துபோய், ஸ்டியரிங்கிலிருந்து சாவியை எடுத்துவந்து தேசப்பன் கையில் கொடுத்தார்.

"நைனா, கீழ ஊர்ல நல்ல டிரைவர் யாரு கீறாங்க? கொஞ்சம் கூட்டிகினு வா. பெரிய வண்டி ஓட்டி பழக்கம் இருக்கணும். பசங்க கீது."

தேசப்பன் பைக்கில் இறங்கிப் போனான். சாம் காவலரிடம் போய்க் கெஞ்சிக்கொண்டு நின்றான். ஜோசப் வேனில் ஏறி, டிரைவர் சீட்டைத் தாண்டி, வரிசை வரிசையாகத் தாண்டி, கடைசி சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். பிரேமகுமாரி தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே ஏறினாள். அவர் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்புளம் கண்ட காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே ஜோசப் கேட்டார்.

"பிரேமா, புடிச்சிகினு கீறியா?"

"ஆங்," என்றாள். "புடிச்சிகினுதான் கீறேன்."